மெயிலை மாற்றலாம், முகவரியை விட்டுவிடக் கூடாது

திருப்பூரில் நாற்பது ஐம்பது மெஷின்களோடு ஏற்றுமதி செய்யும் ஒரு பனியன் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். பையர் ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ இருப்பார். ஆர்டர், அளவு விவரம், சாம்பிளில் திருத்தம், இன்வாய்ஸ், பேங்க் விவரம் எல்லாமே மின்னஞ்சலில்தான் போய்வரும். இப்படிப்பட்ட கம்பெனி எந்த மெயில் சேவையை வாங்கலாம் என்று விசாரித்தால் வரும் பதில்கள் பெரும்பாலும் இரண்டே வகை: எத்தனை ஜிபி இடம், ஆளுக்கு மாதம் எத்தனை ரூபாய். இரண்டும் கேட்க வேண்டியவைதான், ஆனால் கடைசியில் கேட்க வேண்டியவை. அவற்றுக்கு முன்னால் நிற்கும் கேள்வி வேறு: இந்தச் சேவையை நாளைக்கே விட்டு விலக நேர்ந்தால், ‘எங்கள் முகவரி மாறிவிட்டது’ என்று ஒவ்வொரு பையருக்கும் எழுத வேண்டியிருக்குமா? வேண்டியிருக்கும் என்றால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அந்தத் தேர்வு தவறு. மின்னஞ்சல் உள்ளுக்குள் எப்படி இயங்குகிறது என்று பார்த்தால் இதற்கான காரணம் விளங்கிவிடும்.

முகவரியில் ‘@’ குறிக்கு வலப்பக்கம் இருப்பது ஒரு காலத்தில் நிஜமான ஒரு கணினியின் பெயர். 1971-ல் ரே டாம்லின்சன் ஆர்பாநெட் வலையமைப்பில் அந்தக் குறியைப் பயன்படுத்தத் தொடங்கியபோது, இடப்பக்கம் ஆள், வலப்பக்கம் இயந்திரம் என்பதே ஏற்பாடு. இயந்திரம் மாறினால் முகவரியும் மாறும். 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த டிஎன்எஸ் என்ற பெயர்ப் பதிவேடும், 1986-ல் வரையறுக்கப்பட்ட எம்எக்ஸ் பதிவும் இந்த முடிச்சை அவிழ்த்தன. அதன்பின் வலப்பக்கம் இருப்பது டொமைன் என்கிற பெயர் மட்டுமே. அந்தப் பெயருக்கு வரும் கடிதங்களை எந்த சர்வரில் சேர்க்க வேண்டும் என்பதை, டொமைனைப் பதிவு செய்தவர் எம்எக்ஸ் பதிவில் எழுதி வைக்கிறார். பையரின் சர்வர் கடிதத்தை அனுப்புமுன் டிஎன்எஸ்ஸிடம் அந்தப் பதிவைக் கேட்டு வாங்குகிறது. சர்வர்கள் பல இருந்தால், முன்னுரிமை எண் சிறியதாக உள்ள சர்வரை முதலில் நாடுகிறது. அந்த ஓரிரு வரிகளை மாற்றி எழுதினால் போதும், ஒன்றிரண்டு நாளுக்குள் எல்லாத் திசையிலிருந்தும் வரும் கடிதங்கள் வேறொரு நிறுவனத்தின் சர்வருக்குப் போய்ச் சேரத் தொடங்கிவிடும். எழுதுகிறவர் எப்போதும் போல அதே முகவரிக்குத்தான் எழுதிக்கொண்டிருப்பார். ஆக, மெயில் சிஸ்டம் என்று ஒரே மூச்சில் நாம் சொல்வது இரண்டு தனித்தனிப் பொருள்களை. ஒன்று பெயர், ஆண்டுக் கட்டணம் கட்டும் வரை அது பதிவு செய்தவர் வசம் இருக்கும். மற்றொன்று கடிதங்களை வாங்கி, காத்து, திரையில் காட்டும் சேவை. அதை யாரிடமிருந்தும் வாடகைக்கு எடுக்கலாம்.

இந்தப் பிரிவினை எவ்வளவு பெரிய இடமாற்றத்தையும் தாங்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. மத்திய அரசின் மின்னஞ்சலை நெடுங்காலம் தேசியத் தகவல் மையம் தன் சொந்த அமைப்பில் நடத்திவந்தது. அண்மை ஆண்டுகளில் சுமார் 12 லட்சம் ஊழியர்களின் அஞ்சல் கணக்குகள் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவின் தளத்துக்கு மாற்றப்பட்டன. ஆனால் முகவரிகளின் வலப்பக்கம் இன்றும் அரசின் டொமைன்தான் இருக்கிறது. நாளை வேறொரு ஒப்பந்தம் வந்தாலும் அது அப்படியேதான் இருக்கும். சிறு நிறுவனங்களின் அனுபவமும் இதையே சொல்கிறது. சொந்த டொமைன் வைத்திருந்தவர்களுக்கு கூகுள் 2006-ல் மெயில் சேவையை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. 2012 டிசம்பரில் புதிதாக வருகிறவர்களுக்கு அதை நிறுத்தியது. 2022 ஜனவரியில், பழையவர்களும் கட்டணத் திட்டத்துக்கு மாற வேண்டும் என்று அறிவித்தது. எதிர்ப்பு எழுந்ததும் சொந்த உபயோகத்துக்கு மட்டும் விலக்கு தந்து, வணிகத்துக்குக் கட்டணம் என்று முடித்தது. பத்தாண்டு இலவசமாக வைத்திருந்துவிட்டுத் திடீரெனப் பணம் கேட்டது நியாயமா என்ற வாதம் இருக்கட்டும். கவனிக்க வேண்டியது, அந்த நிறுவனங்களுக்கு ஒரு வழி திறந்தே இருந்தது என்பதை. கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்றால் எம்எக்ஸ் பதிவை மாற்றிவிட்டு வேறிடம் போகலாம், விசிட்டிங் கார்டில் ஓர் எழுத்துகூட மாறாது. வெறும் ஜிமெயில் ஐடியில் தொழில் நடத்துகிறவருக்கு இந்த வழி கிடையாது. அவர் முகவரியின் வலப்பாதி கூகுளுக்குச் சொந்தம்.

முகவரி யாருடையது என்பது இடமாற்றத்துக்கு மட்டும் தேவைப்படும் விஷயமும் அல்ல. கடிதம் நம்மிடமிருந்துதான் வந்தது என்று பையரின் சர்வர் நம்புவதும் அதில்தான் தொங்குகிறது. இதைப் புரிந்துகொள்ள இரண்டு சர்வர்கள் பேசிக்கொள்வதைக் கொஞ்சம் ஒட்டுக்கேட்க வேண்டும். இந்தப் பேச்சின் இலக்கணம் எஸ்எம்டிபி. 1982-ல் ஜான் போஸ்டல் எழுதியது, இன்றும் அடிப்படை அதுவே. அனுப்பும் சர்வர் 25-ஆம் போர்ட்டில் இணைந்ததும், வாங்கும் சர்வர் 220 என்ற எண்ணைச் சொல்லித் தயார் என்கிறது. வணக்கம் சொல்லித் தன் பெயரைச் சொல்லும் அனுப்பும் சர்வர், ‘மெயில் ஃப்ரம்’ என்று அனுப்புநர் முகவரி ஒன்றைக் கொடுக்கிறது. 250, சரி. ‘ஆர்சிபிடி டூ’ என்று பெறுநர் முகவரியைச் சொல்கிறது. மறுபடியும் 250. ‘டேட்டா’ என்றதும் 354, அனுப்பு என்று பதில். பிறகு கடிதம் முழுவதும் போகிறது. ஒரு வரியில் புள்ளி மட்டும் தனியாக வந்தால் கடிதம் முடிந்தது என்று பொருள். இந்த உரையாடலில் அனுப்புநரின் பெயர் இரண்டு முறை வருகிறது: ‘மெயில் ஃப்ரம்’ வரியில் ஒரு முறை, கடிதத்துக்குள் ‘ஃப்ரம்’ என்ற தலைப்பு வரியில் ஒரு முறை. முதலாவது தபால் உறையின் மேல் எழுதியது. இரண்டாவது உள்ளே இருக்கும் லெட்டர்பேடில் அச்சடித்தது. பையரின் திரையில் தெரிவது லெட்டர்பேடு மட்டுமே. 1982-ன் இலக்கணம் இரண்டையுமே சோதிக்கச் சொல்லவில்லை. வலையில் இருந்தவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தாரும் ஆய்வாளர்களுமாக இருந்த காலத்தில் அதற்கான அவசரம் யாருக்கும் தோன்றவில்லை.

பின்னால் வந்த மூன்று ஏற்பாடுகள் இந்த ஓட்டையை அடைக்க முயல்பவை. மூன்றுமே டிஎன்எஸ் பதிவில் எழுதப்படுபவை. எஸ்பிஎஃப் என்பது, என் டொமைன் பெயரைச் சொல்லி அனுப்ப அனுமதி பெற்ற சர்வர்கள் இவை என்ற பட்டியல். அது உறையின் மேல் உள்ள பெயரைச் சோதிக்கிறது. டிகிம் கணிதத்தை நம்புகிறது: அனுப்பும் சர்வர் கடிதத்தின் உள்ளடக்கத்திலிருந்தும் முக்கியத் தலைப்பு வரிகளிலிருந்தும் ஒரு சுருக்கக் குறியீட்டைக் கணக்கிட்டு, தன்னிடம் மட்டுமே உள்ள ரகசியச் சாவியால் அதற்குக் கையெழுத்து இடுகிறது. அதற்கு இணையான பொதுச் சாவி டிஎன்எஸ்ஸில் கிடைக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துக் கையெழுத்தைச் சரிபார்க்கலாம். கையெழுத்திட்ட பகுதியில் பேங்க் கணக்கு எண்ணின் ஓர் இலக்கம் வழியில் மாறியிருந்தாலும் கணக்கு உதைக்கும். சாவி சிறிதாக இருந்தால் இந்தக் காவல் வீண் என்பதை 2012-ல் ஜக்கரி ஹாரிஸ் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் காட்டினார். கூகுளிலிருந்து தனக்கு வந்த ஒரு கடிதத்தில் டிகிம் சாவி 512 பிட் அளவே இருப்பதைக் கவனித்த அவர், வாடகைக் கணினிகளைக் கொண்டு அதை உடைத்து, கூகுள் நிறுவனர்களில் ஒருவர் மற்றொருவருக்கு எழுதியதுபோலவே ஒரு கடிதம் அனுப்பிவைத்தார். அதன்பின் கூகுள் தன் சாவியை 2048 பிட்டாக்கியது. மூன்றாவது ஏற்பாடு டிமார்க். திரையில் தெரியும் லெட்டர்பேடுப் பெயரும், எஸ்பிஎஃப் அல்லது டிகிம் உறுதிசெய்த பெயரும் ஒத்துப்போக வேண்டும் என்கிறது அது. ஒத்துப்போகாத கடிதத்தைச் சும்மா விடுவதா, ஸ்பேமில் தள்ளுவதா, திருப்பி அனுப்புவதா என்பதை டொமைனின் உரிமையாளர் முன்கூட்டியே அறிவித்து வைக்கலாம்.

‘உரிமையாளர்’ என்ற இடத்தில்தான் இலவச ஐடியின் விலை தெரியவருகிறது. 2014 ஏப்ரலில் யாஹூ, தன் டொமைனைப் போட்டுக்கொண்டு தன் சர்வர் அல்லாத இடத்திலிருந்து வரும் கடிதங்களை நிராகரிக்கும்படி உலகத்துக்கு டிமார்க் மூலம் அறிவித்தது. அதே மாதத்தில் ஏஓஎல்லும் அப்படியே செய்தது. ஸ்பேம் ஆசாமிகளை ஒடுக்கத்தான் அந்த முடிவு. ஆனால் யாஹூ ஐடியை வைத்துக்கொண்டு வேறொரு செய்திமடல் சேவை மூலம் வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் அனுப்பிவந்த சிறு வணிகர்களும் அதில் அடிபட்டார்கள். நேற்றுவரை போய்க்கொண்டிருந்த கடிதம் இன்று திரும்பி வந்தது. யாஹூ தவறு செய்தது என்று சொல்ல முடியாது. தன் டொமைனுக்குக் கொள்கை வகுக்கும் உரிமை அதற்கு இருந்தது. வாடிக்கையாளருக்கு அந்த உரிமை இல்லை என்பதே சிக்கல். பத்தாண்டு கழித்து, 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் விதியை மேலும் இறுக்கின. தினமும் 5,000 கடிதங்களுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மூன்று ஏற்பாடுகளும் கட்டாயம். ‘எங்கள் கம்பெனியில் நாளுக்கு முப்பது கடிதம் போனால் அதிகம், எங்களுக்கு எதற்கு?’ என்று கேட்கலாம். குறைவாக அனுப்புகிறவர்களும் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றையாவது வைத்திருக்க வேண்டும் என்பது அதே விதியின் மற்றொரு பகுதி. அதைவிட, டிமார்க்கின் பயன் கடிதம் போய்ச் சேர்வதோடு நிற்பதில்லை. நம் பெயரில் மற்றவர் எழுதுவதைத் தடுப்பதற்கு நம்மிடம் உள்ள ஒரே தொழில்நுட்ப நெம்புகோல் அது. முப்பது கடிதத்தில் ஒன்று இன்வாய்ஸ் என்றாலே அந்த நெம்புகோல் தேவை.

இன்வாய்ஸ் மோசடி எவ்வளவு பெரிய தொழில் என்பதற்கு அமெரிக்கக் கணக்கு ஒன்று போதும். வணிக மின்னஞ்சல் மோசடி தொடர்பாக 2023-ல் மட்டும் எஃப்பிஐயின் இணையக் குற்றப் பிரிவுக்கு 21,489 புகார்கள் வந்தன. இழப்பு 290 கோடி டாலருக்கு மேல். இதில் சாதாரணமாக நடப்பது இது: ஊழியர் ஒருவரின் பாஸ்வேர்டைத் தந்திரமாகப் பெற்ற ஆசாமி எதையும் கெடுக்காமல் உள்ளே உட்கார்ந்து படித்துக்கொண்டே இருப்பான். ‘இன்வாய்ஸ்’, ‘பேமென்ட்’ என்ற சொற்கள் வரும் கடிதங்களின் நகல் தனக்கு வரும்படி ஃபார்வர்டு விதி ஒன்றைப் போட்டு வைப்பான். ஷிப்மென்ட் கிளம்பும் வாரத்தில், கம்பெனியின் டொமைனைப் போலவே தோன்றும் இன்னொரு டொமைனிலிருந்து பையருக்குக் கடிதம் போகும்: ஆடிட் காரணமாகப் பழைய கணக்கு நிறுத்தப்பட்டிருக்கிறது, பணத்தை இந்தப் புதிய கணக்கில் போடவும். ஆங்கிலத்தின் ஆர், என் என்ற இரண்டு சின்ன எழுத்துகளும் ஒட்டி நின்றால் எம் போலத் தெரியும். அவசரத்தில் படிக்கும் கண் அதைப் பிடிக்காது. இங்கே நியாயமான ஓர் எதிர்க்கேள்வி எழும்: டொமைன், டிகிம், டிமார்க் எல்லாம் இருந்தும் இந்த மோசடி நடக்குமே, அப்புறம் என்ன பயன்? நடக்கத்தான் செய்யும். ஒத்த தோற்றமுள்ள டொமைனை டிமார்க் தடுக்காது; பாஸ்வேர்டு களவுபோன உண்மையான கணக்கிலிருந்து வரும் கடிதத்தையும் தடுக்காது. அச்சு அசலான நம் டொமைனைப் போட்டு வெளியிலிருந்து யாரும் அனுப்ப முடியாதபடி செய்வதோடு அதன் வேலை முடிகிறது. ஆனால் அதுவே திருடனை வேறு பெயர் தேட வைக்கிறது. வேறு பெயர் என்றால் கண்டுபிடிக்க ஒரு தடயம் இருக்கிறது. ஜிமெயில் ஐடியில் அந்தத் தடயமும் மிஞ்சாது. கம்பெனிப் பெயரோடு ஓர் எழுத்தோ ஓர் எண்ணோ சேர்த்து இன்னொரு ஜிமெயில் ஐடி எடுக்க ஐந்து நிமிடம் போதும். அதிலிருந்து போகும் கடிதம் எல்லாச் சோதனையிலும் ஒழுங்காகத் தேறும். மிச்சமுள்ள ஆபத்துக்கு இரட்டைச் சரிபார்ப்பும், பேங்க் விவரம் மாறினால் முன்பே தெரிந்த நம்பருக்குப் போன் செய்து கேட்கும் வழக்கமும்தான் மருந்து.

இன்னொரு தரப்பு, மின்னஞ்சலே பழைய சங்கதி, எல்லாம் வாட்ஸ்அப்பில் முடிந்துவிடுகிறது என்று வாதிடும். உள்ளூர் ஜாப் ஒர்க் யூனிட்டோடு பேச வாட்ஸ்அப் வசதியானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் மெர்ச்சன்டைசரின் சொந்த நம்பரில் நடந்த உரையாடல், அவர் வேலையை விட்டுப் போகும்போது அவரோடு போய்விடும். அவருடைய சொந்த ஜிமெயிலில் நடந்த உரையாடலும் அப்படித்தான். கம்பெனி டொமைனில் உள்ள அஞ்சல் பெட்டி நிறுவனத்தின் வசம் இருக்கும். அடுத்து வருகிறவருக்கு அதை அப்படியே கொடுக்கலாம். சட்டக் கோணமும் உண்டு. டிரைமெக்ஸ் நிறுவனத்துக்கும் வேதாந்தா அலுமினியத்துக்கும் இடையிலான வழக்கில், மின்னஞ்சலில் பேசி ஏற்றுக்கொண்ட நிபந்தனைகளே கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் ஆகும் என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கணக்குப் பதிவுகளை ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்கிறது ஜிஎஸ்டி சட்டம். வாட்ஸ்அப் செய்தியும் சாட்சியாகலாம்தான். ஆனால் ஆறு ஆண்டுக்கு முந்தைய ஆர்டரை எங்கே, யாருடைய போனில் தேடுவது?

எல்லாவற்றையும் நாமே வைத்துக்கொண்டால் என்ன என்று, தொழில்நுட்பம் கொஞ்சம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். அஞ்சலைக் கடத்த போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டிகளைக் காக்க டவ்காட் என்று அருமையான மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பெயரைச் சொந்தமாக்கச் சொல்லும் அதே வாதம் சர்வரையும் சொந்தமாக்கச் சொல்லவில்லையா? இல்லை. பெயர் ஒரு பதிவு, அதைக் காக்க ஆண்டுக்கு ஒருமுறை கட்டணம் கட்டினால் போதும். சர்வர் இரவுபகலாகக் கவனிப்பு கேட்கும். பல இணைய இணைப்புகளில் 25-ஆம் போர்ட் அடைத்தே வைக்கப்பட்டிருக்கும். திறந்திருந்தாலும், புதிய ஐபி எண்ணிலிருந்து வரும் கடிதத்தைப் பெரிய சேவைகள் சந்தேகத்தோடுதான் பார்க்கும். ஸ்பாம்ஹவுஸ் போன்றவற்றின் தடைப்பட்டியலில் அந்த எண் சிக்கிக்கொண்டால், அதை மீட்கும்வரை இன்வாய்ஸ்கள் போய்ச் சேராது. பாதுகாப்பு அதைவிடப் பெரிய சுமை. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் சர்வரில் இருந்த ஓட்டைகளுக்கு 2021 மார்ச் 2-ல் அவசரத் திருத்தம் வெளியானது. அதற்குள் தாக்குதல் தொடங்கிவிட்டது. அடுத்த சில நாட்களில் உலகெங்கும் பல்லாயிரம் சர்வர்கள் ஊடுருவப்பட்டன. அவற்றில் பல, சொந்தக் கட்டடத்தில் சர்வர் வைத்திருந்த சிறு நிறுவனங்களுடையவை. அதே மைக்ரோசாஃப்ட்டின் மேகச் சேவையை வாடகைக்கு எடுத்தவர்களை அந்த ஓட்டைகள் தொடவில்லை. இரவு இரண்டு மணிக்குத் திருத்தம் போட ஆள் இல்லாத கம்பெனி சர்வரை வாடகைக்கு எடுப்பதே அறிவு.

பெயரைக் காப்பதிலும் அஜாக்கிரதை உண்டு, அதற்குப் பெரியவர்களும் விலக்கல்ல. 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில், ஹாட்மெயிலுக்குள் நுழைய உதவிய பாஸ்போர்ட் டொமைனைப் புதுப்பிக்க மைக்ரோசாஃப்ட் மறந்துபோனது. பலர் மெயிலுக்குள் போக முடியாமல் தவித்தபோது, மைக்கேல் சேனி என்ற வெளியாள் ஒருவர் தன் கையிலிருந்து 35 டாலர் கட்டி அதைப் புதுப்பித்தார். சிறு கம்பெனிகளில் ஆபத்து வேறு வடிவத்தில் வரும். வெப்சைட் செய்து கொடுத்தவரே டொமைனையும் தன் பெயரில், தன் மெயில் ஐடியில் பதிவு செய்திருப்பார். அவரோடு தொடர்பு அறுந்த பிறகு, புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல்கள் அவருக்குத்தான் போகும். டாட் காம் டொமைன் காலாவதியாகிச் சலுகைக் காலமும் முடிந்து நீக்கப்பட்டால், மீட்டெடுக்க 30 நாள் அவகாசம். பிறகு 5 நாள் காத்திருப்பு. அதன்பின் எவரும் எடுக்கலாம். எடுத்தவர் எம்எக்ஸ் பதிவைத் தன் பக்கம் திருப்பினால் பையரின் கடிதங்கள் மட்டுமல்ல, மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்ற வரும் லிங்க்குகளும் அவருக்கே போகும். ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் ரூபாய் ஆகும் இந்தப் பதிவு நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும். அதன் லாகின் உரிமையாளரின் கையில் இருக்க வேண்டும். அந்தக் கணக்கின் தொடர்பு ஐடி அதே டொமைனில் இல்லாமல் வேறொன்றில் இருப்பது நல்லது. டொமைன் முடங்கினாலும் எச்சரிக்கை வந்து சேரும்.

பெயர் பத்திரமாக இருந்தால், சேவையைத் தேர்ந்தெடுப்பது பயமில்லாத காரியம் ஆகிவிடுகிறது. கூகுள், மைக்ரோசாஃப்ட், ஜோஹோ மூன்றில் எதுவும் பனியன் கம்பெனியின் கடிதங்களைச் சுமக்கப் போதுமானதே. ஒப்பிட வேண்டிய அம்சங்கள் சில. டிகிம் சாவி நம் டொமைனுக்கென்று தனியாக, 2048 பிட் அளவில் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லோருக்கும் இரட்டைச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கவும், வெளியாருக்கு ஃபார்வர்டு ஆவதைத் தடுக்கவும் நிர்வாகிக்கு வசதி வேண்டும். மார்க் கிறிஸ்பின் 1986-ல் வடிவமைத்த ஐமேப் முறை, கடிதங்களை சர்வரிலேயே வைத்து எல்லாக் கருவியிலும் ஒன்றுபோலக் காட்டுவது. ஒரு சேவையிலிருந்து இன்னொன்றுக்குப் பழைய கடிதங்களை ஃபோல்டர் ஃபோல்டராகக் கொண்டுபோகவும் பாதை அதுவே. சில இலவசத் திட்டங்களில் ஐமேப் இருக்காது என்பதால் அதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும். ஆபீஸில் ஒரு கணினி மட்டும் பழைய பாப் முறையில் எல்லாக் கடிதத்தையும் இறக்கிக்கொண்டு சர்வரில் அழித்துவிடுகிறது என்றால், அந்த ஹார்ட் டிஸ்க் போனால் கடிதங்களும் போகும். கணக்குப் பிரிவு, ஆர்டர் பிரிவு என்று வேலையின் பெயரில் பெட்டி வைத்தால் ஆட்கள் மாறினாலும் முகவரி நிற்கும். பில்லிங் மென்பொருள், செய்திமடல் சேவை, வெப்சைட் என்று ஒவ்வொன்றாக எஸ்பிஎஃப் பட்டியலில் சேர்த்துக்கொண்டே போனால், டிஎன்எஸ் விசாரணைக்கு உள்ள 10 என்ற உச்சவரம்பைத் தாண்டிச் சோதனையே தோற்கும். பயன்படுத்தாதவற்றை நீக்க வேண்டும். டிமார்க்கை எடுத்த எடுப்பில் நிராகரிப்பு நிலையில் வைக்காமல், சில வாரம் அறிக்கைகளை மட்டும் வாங்கிப் பார்த்து, நம் பெயரில் நியாயமாக அனுப்புபவை எல்லாம் பட்டியலில் வந்துவிட்டன என்று தெரிந்ததும் இறுக்குவதே முறை. இவ்வளவும் சரியாக இருந்தால், ஜிபியையும் ரூபாயையும் வைத்துப் பேரம் பேசலாம். அடுத்த ஆண்டு வேறொருவர் மலிவாகத் தந்தால், பையர் யாருக்கும் தெரியாமலே அவரிடம் மாறியும் விடலாம்.